பிரசங்க பீடமும் மேடைத்தமிழும்

மண்ணூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆகிய ஊர்ப்புறங்களில் ஊழியஞ்செய்யும் போதகர், ஓய்வுநாட் காலையில் இரவுமுறை வேலை முடித்து வந்தவர்க்கும் பேசவேண்டியவராயிருக்கிறார். பல மாவட்டத்துப் பேச்சுவழக்கு ஒரே ஆலயத்தில் கலந்திருக்கிறது. எழுதிவைத்த தாளினின்று கண்ணெடாது வாசிப்பவர்க்கு அங்கே செவிகொடுப்பார் அரியர். பேச்சுக்கலையின் அடிப்படை யாதென இறையியல் மாணவர் வினவுங்கால், நாம் ஒரு வரலாற்றையே நினைவுறுத்துகிறோம்.

ஒரு பொருளைப் பற்றிப் பொதுமக்கள் முன் உரைநடையில் தொடர்ந்து பேசும் முறை தமிழில் மிகப் பழையதன்று. கோயில்களில் புராண படனம் இருந்தது. ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். நூல் சென்ற வழியே பேச்சும் சென்றது. 1706 இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்று, அடுத்த ஆண்டே தமிழில் பிரசங்கித்தார். பேசுமுன் கேட்டவர் அவர். இதனை மாணவர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இம்முறையை நம்மினும் நன்கு ஆராய்ந்தறிந்தவர் நம் சபையார் அல்லர் என்பதே வியப்பு. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுகம் (1822-1879), பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, அவரது திருமறை மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எளிய உரைநடையில், கேட்போரின் நடத்தையை நேரே நோக்கிப் பேசும் முறை அது. நம் பீடத்தில் அவர் ஆண்டுக்கணக்கிற் கேட்டறிந்த முறை. அப்பொழுது அவர் பாதிரியாரிடமே பணியிலிருந்தார் என்பதும் நோக்கற்பாலது. 1848 இல் அப்பணியை விட்டார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் வழங்கிற்று. நம்மவருள் சிலர் இதனை நன்றிமறந்த செயலென்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. மாணவன் ஆசிரியரின் கருவியை அவரினும் கூராகத் தீட்டினான். வருந்துவதாயின், நம் கருவி துருப்பிடித்தமைக்கே வருந்தல் வேண்டும்.

இவ்வழி அத்துடன் நின்றுவிடவில்லை. நாவலர் மரபைப் போற்றிய யாழ்ப்பாணம் நா. கதிரைவேற்பிள்ளை, சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராயிருந்தார். அவர்பாற் பயின்றவர் திரு.வி. கலியாணசுந்தரனார். பேர்சிவலின் அதே மிஷன் நிறுவிய பள்ளியில், அவர் மாணவரின் வழிவந்த சொல்லாற்றல் மீண்டும் வந்து சேர்ந்தது! திரு.வி.க.வும் வெஸ்லியில் தமிழாசிரியராயிருந்து, 1917 இல் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார்.

1918 இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர் கூட்டங்களில் பி.பி. வாடியா ஆங்கிலத்திற் பேசினார். உணவு இடைவேளையின் குறுக்கம் முதலாகத் தொழிலாளர் தாமே கூறிய குறைகளினின்று அவர் பேச்சுத் தொடங்கிற்று. அதனைத் தமிழாக்கி ஆலைத் தொழிலாளர் உள்ளத்திற் பதித்தவருள் திரு.வி.க. முதன்மையானவர். அவ்வாண்டு ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.