இரு கரைக்கும் கடன்பட்டோர்

பயணத்தைக் குறிக்கும் 'ஸஃபர்' என்னும் அரபுச் சொல் நம் நாவில் 'சபர்' ஆயிற்று. அதிலிருந்து 'சபராளி' என்னும் அழகிய தமிழ்ச் சொல் ஒன்று பிறந்தது. பொருள் தேடிக் கடல் கடந்தவரை நம் கரையோர ஊர்கள் இப்பெயரிட்டே அழைத்து வந்தன. நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் வரலாற்றிலிருந்து சபராளியை நீக்கிவிட்டால் எஞ்சுவது சொற்பமே. அவர் அனுப்பிய பணத்தால் பள்ளிவாசல்கள் ஓங்கின, மதரஸாக்கள் நடந்தன, குமர்கள் கரையேறினர். இவை யாவரும் அறிந்தவை. ஆயின், அக்கரையில் அவர் கூடி அமைத்த சங்கங்கள் எவ்வாறு இயங்கின? இரு நாடுகளுக்கும் இடையே அவை பின்னிய உறவில் நிலைத்தது எது, அறுந்தது எது? இவ்வினாக்களை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மதீனா காட்டிய வழி

புலம்பெயர்ந்தோரின் வாழ்வுக்கு இஸ்லாமிய வரலாறு அளிக்கும் முதல் இலக்கணம் ஹிஜ்ரத்தாகும். கி.பி. 622 இல் மக்காவைத் துறந்து மதீனா புகுந்த முஹாஜிர்களையும், அவர்களை ஏற்றுக்கொண்ட அன்ஸாரிகளையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். அன்ஸாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அளிக்க முன்வந்தார். அவரோ நன்றியுடன் மறுத்து, கடைத்தெருவுக்கு வழி கேட்டார், உழைத்தார், பெருவணிகரானார். ஏற்பவரின் ஈகையும் வந்தவரின் தன்மானமும் ஒருங்கே ஒளிர்ந்த நிகழ்ச்சி இது.

இதனினும் நுண்ணிய பாடம் ஒன்றுண்டு. மக்காவைப் பிரியும்போது அண்ணலார் அதனை ஏக்கத்துடன் நோக்கினார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்நகரம் அவர்கள் வசமாயிற்று. எனினும் அங்கே தங்கிவிடவில்லை, தம்மை ஏற்ற மதீனாவுக்கே மீண்டார்கள், அங்கேயே அடங்கியுள்ளார்கள். பிறந்த மண்ணின் மீதுள்ள நேசமும் புகுந்த மண்ணுக்குரிய கடமையும் ஒன்றையொன்று அழிப்பவையல்ல என்பதற்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டுமோ?

முதலில் எழுந்தவை பள்ளிவாசல்களே

பினாங்குத் தீவில் 1786 இல் ஆங்கிலேயர் கொடி ஏற்றினர். சில ஆண்டுகளுக்குள்ளேயே சோழமண்டலக் கரையின் முஸ்லிம்கள் அங்கே பெருகினர். சூலியர் என்று அறியப்பட்டனர். அவர்தம் தலைவரான காதர் மைதீன், 1801 இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 18 ஏக்கர் நிலம் பெற்று எழுப்பிய பள்ளிவாசலே இன்று 'கப்பித்தான் கெலிங்' என்ற பெயரால் விளங்குகிறது. சிங்கப்பூரிலும் இதே வரிசையைக் காண்கிறோம். 1819 இல் குடியேற்றம் தொடங்கிற்று. 1826 இல் அன்ஸர் சாஹிபு தலைமையில் சூலியர்களின் ஜாமிஆப் பள்ளி அமைந்தது. 1828 முதல் 1830 வரையிலான காலத்தில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எழுந்தது. நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீது நாயகம் அடங்கியிருப்பது நாகூரில். சிங்கப்பூர்க் கட்டடத்தில் அடக்கத்தலம் இல்லை. ஆயினும் அன்று கடல் அலைகள் அத்தெருவின் ஓரம் வரை வந்தன. கப்பலிலிருந்து இறங்கியவன் முதலில் கண்டது தன் ஊரின் நினைவையே!

இப்பள்ளிகள் தொழுமிடங்களாக மட்டும் நிற்கவில்லை. சங்கம் என்னும் பெயர் வழங்குமுன்பே சங்கத்தின் பணியை ஜமாஅத் செய்தது. புதிதாக வந்தவனுக்கு இடமும் வேலையும் தேடித் தந்தது; பிணக்கைத் தீர்த்தது; உறவற்று இறந்தவனின் ஜனாஸாவை அடக்கியது. ஊர் செல்பவர் கையில் கடிதமும் பணமும் பிற வீடுகளுக்கும் சேர்ந்து போயின. இங்கே காத்திருந்த பெண்கள் அக்கடிதங்களை அரபுத் தமிழில் படித்தனர். அதிலேயே மறுமொழியும் எழுதினர். ஏட்டுப் புலமைக்கு மட்டுமன்றி இல்லற வாழ்வுக்கும் அவ்வெழுத்து பாலமாக நின்றது.

பொறுப்பு குன்றிய இடத்தில் கேடும் விளைந்தது. பினாங்குப் பள்ளியின் வக்ஃபு நிலங்களைப் பரிபாலிப்பதில் பிணக்கும் சீர்கேடும் மலிந்தன. முடிவில் 1905 இல் அரசு இயற்றிய சட்டத்தின்கீழ் அமைந்த அறநிலைய வாரியம் அவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அல்லாஹ்வின் சொத்தைக் குடும்பச் சொத்தாகக் கருதும் முத்தவல்லிகள் எக்கரையில் இருந்தாலும் இந்நிலையே நேரும்.

பேரர்களின் மொழி

தொடக்கத்தில் கடல் கடந்தோர் பெரும்பாலும் தனி ஆடவர். அவருள் பலர் மலாய்ப் பெண்களை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் 'ஜாவிப் பெரனாக்கான்' எனப்பட்டனர். சிங்கப்பூரில் 1876 இல் தோன்றிய முதல் மலாய்ச் செய்தி இதழ் இச்சமூகத்தார் நடத்தியதே. அதன் பெயரும் 'ஜாவிப் பெரனாக்கான்' என்பதே. புதிய மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ்வின் முன்னோரில் அரபு இரத்தமும் நாகூர்த் தமிழ் இரத்தமும் கலந்திருந்தன. மலாக்காவில் வணிகக் கணக்குகளுக்குத் தமிழ் வேண்டியிருந்தமையால் தாம் தமிழ் பயின்றதை, 1849 இல் அச்சான தம் வரலாற்று நூலில் அவர் குறிப்பிடுகிறார்.

இது இழப்பா, ஈகையா? இரண்டுமே எனலாம். மலாய் மக்களுக்கு நம்மவர் இதழியலையும் எழுத்தையும் ஈந்தனர். ஆனால் பேரன் தமிழை இழந்தான். தமிழை இழந்தவனுக்கு நாகூர் ஒரு ஸியாரத்தின் பெயராகவே நின்றது. பாட்டன் பிறந்த ஊராகத் தோன்றவில்லை. தமிழைக் காக்க முனைந்தோரும் இல்லாமலில்லை. மகுதூம் சாயிபு 1887 இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழ் அம்முயற்சிக்குச் சான்று. 1890 வரையே அது நடந்தது. படிக்கத் தெரிந்த அடுத்த தலைமுறை இன்றி எந்த இதழும் நெடுங்காலம் வாழாது.

கடையநல்லூரார் கண்ட வழி

இக்குறையை உணர்ந்து செயற்பட்டோர் நெசவாளர்களின் ஊராகிய கடையநல்லூரினர். தறித்தொழில் நலிவுற்றமையால் சிங்கப்பூர் சென்ற அவர்கள், பிறரைப் போலன்றிப் பெண்டு பிள்ளைகளுடன் குடியேறத் தலைப்பட்டனர். 1941 இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் நகரைக் கைப்பற்றினர். பசியும் அச்சமும் சூழ்ந்தன. 1945 இல் அவ்விருள் அகன்றது. போரின் காயம் ஆறுமுன்பே, 1946 இல், அச்சங்கம் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டியது.

தொட்டில் இருக்கும் இடத்திலேதான் பள்ளிக்கூடமும் எழும். தனி ஆடவர் கூடிய சங்கத்துக்கு உணவும் உறைவிடமும் அடக்கத்தலமும் போதும். தாயும் சேயும் சேர்ந்த சமூகமோ, நாளை இவன் எம்மொழியில் ஓதுவான், எம்மொழியில் தன் பாட்டிக்குக் கடிதம் எழுதுவான் என்று கேட்கத் தொடங்குகிறது. அக்கேள்விக்கு எளிய தொழிலாளர்கள் தம் சிறுபொருள் கொண்டு அளித்த விடையே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாக ஓங்கியது. முஸ்லிமல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே பயின்றனர். ஆங்கில வழிக் கல்வியை நாடுவோர் பெருகி மாணவர் குறைந்தமையால் 1982 இல் அது மூடப்பட்டது. எனினும் பெயர் மறையவில்லை. 1983 இல் அரசின் கல்வி அமைச்சு தொடங்கிய தமிழ் மொழி நிலையம் உமறுப் புலவர் பெயரையே தாங்கியது. ஓர் ஊர்ச் சங்கம் இட்ட வித்து ஒரு நாட்டின் பொதுச்சொத்தாயிற்று!

கதவு மூடும் நாள்

ஏற்ற நாடு என்றும் ஏற்றுக்கொண்டே இருக்கும் என்று நம்புதல் பேதைமை. 1915 இல் இலங்கையின் கண்டியில் மூண்ட கலவரத்தில், இந்தியாவிலிருந்து சென்ற கடற்கரைச் சோனகர் மீது எழுந்த பகை, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இலங்கைச் சோனகரையும் சுட்டது. பர்மாவில் 1942 இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தனர். மீண்டும் சென்று கடை விரித்தோரை, 1962 இல் எழுந்த இராணுவ ஆட்சி 1964 இல் கடைகளையும் நிறுவனங்களையும் நாட்டுடைமையாக்கி வெறுங்கையராக்கியது. சென்னையின் பர்மா பஜார் அத்துயரத்தின் எச்சம்.

பள்ளிப்பட்டில் வாழும் நமக்கு எல்லையின் இயல்பு புதிதன்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. ஒருவரும் வீடு மாறவில்லை, மாநிலமே மாறிற்று. மறுநாளும் அதே சந்தையில் தெலுங்கும் தமிழும் உருதும் கலந்தே ஒலித்தன. ஆட்சியாளரின் கோடு ஒரு நாளில் நகரும். அண்டை வீட்டானுடன் உள்ள உறவே நம்மை அவ்விடத்தில் ஊன்றி நிறுத்தும். கடல் கடந்தவனுக்கும் இதுவே விதி.

வளைகுடா நாடுகளில் குடியுரிமை இன்றி உழைத்துத் திரும்பும் நம் பிள்ளைகளும், மலேசியா, சிங்கப்பூரில் குடிமக்களாகிவிட்ட நம் உறவினரும் ஊர்தோறும் சங்கங்கள் கண்டுள்ளனர். அவற்றின் பணி பாராட்டத்தக்கது. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் முகப்பில் வளைவும் மினாராவும் எழுப்ப நிதி திரட்டும் வேகத்தில் ஒரு பங்கையேனும், அக்கரையிலுள்ள பிள்ளைகள் தமிழ் படிக்கவும், வேலையிழந்து திரும்புவோர் தாங்கப்படவும் செலவிடல் வேண்டும். பணத்தால் கட்டிய உறவு அனுப்புகிறவரின் ஆயுளோடு முடிகிறது. மொழியாலும் கடமையாலும் கட்டிய உறவு பேரர் காலம் வரை செல்கிறது. இங்குள்ள நாமும் கைநீட்டுவோராக மட்டும் இராமல், திரும்பி வருவோரை அரவணைக்கும் அன்ஸாரிகளாதல் வேண்டும்.

சென்றவரையும் இருப்பவரையும் வல்ல நாயன் ஒரே கயிற்றில் பிணைத்துக் காத்தருள்வானாக! ஆமீன்.