பாராமகால் மினியேச்சர் படை

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக விரல் உயரத்தில் வார்த்து வண்ணம் தீட்டிய வீரர் உருவங்களின் தொகுதி மினியேச்சர் படை எனப்படுகிறது. பிளாஸ்டிக், ரெசின், ஈயம் போன்ற மென்னுலோகம் ஆகியவற்றில் உருவங்கள் கிடைக்கின்றன. மனித உருவம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். இவ்வகையில் அறிவியல் புனைவைக் களமாகக் கொண்டவற்றுள் பெயர்பெற்றது வார்ஹாம்மர் 40,000. ரிக் பிரீஸ்ட்லி எழுதிய இதன் முதல் விதிநூலை நாட்டிங்காமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1987இல் வெளியிட்டது. செவ்வாய்க் கிரகத்தார் பூமியைத் தாக்கும் கதையை 1898இல் நூலாக்கிய எச். ஜி. வெல்ஸ்தான், பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளையும் 1913இல் ஒரு சிறு நூலாகத் தந்தார். புனைவும் பொம்மைப் படையும் ஒரே வீட்டில் பிறந்தவை என்றே சொல்லலாம்.

வார்ஹாம்மரில் ஒவ்வொரு பிரிவுக்கும் புள்ளி மதிப்பு உண்டு. முழு அளவு ஆட்டத்துக்கு வழக்கமாக இருபுறமும் 2,000 புள்ளிகள் வரை படை சேர்ப்பார்கள். எந்தப் பிரிவு பலமானது என்று பார்த்து வாங்குவது ஒரு வழி. ஆனால் விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். நேற்றைய பலசாலி இன்று அலமாரியில் தூங்குவான். ஒரு கதையை முதலில் முடிவுசெய்து, அதற்குப் பொருந்துவதை மட்டும் சேர்த்த படை இந்த மாற்றங்களைத் தாங்கி நிற்கும்.

அப்படியொரு கதைக்குக் காவேரிப்பட்டினம் வாய்ப்பான இடம். கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில் உள்ள இவ்வூரில் அன்று ஒரு கோட்டை இருந்தது. முதல் மைசூர்ப் போரில், 1767 ஆகஸ்ட் இறுதியில், ஹைதர் அலி அதை ஆங்கிலேயரின் சிறு காவற்படையிடமிருந்து பிடித்தார். சில நாட்களில் செங்கம் போர் நடந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 நவம்பரில், ஆங்கிலேயக் கர்னல் மேக்ஸ்வெல் இங்கே நிலைகொண்டிருந்தபோது திப்பு சுல்தான் படையோடு வந்தார். மேக்ஸ்வெல் இடத்தைவிட்டு அசையவில்லை. ஆங்கிலேயத் தளபதி மெடோஸின் படையும் வந்து சேர, திப்பு விலகிச் சென்றார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இவ்வூரை உள்ளடக்கிய பாராமகால் பகுதி ஆங்கிலேயக் கும்பினியின் கைக்குப் போயிற்று.

இதை விண்வெளிக் காலத்துக்கு மாற்றுவது எளிது, ஏனெனில் பாதி வேலையை இங்கிலாந்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். வார்ஹாம்மரின் சாதாரண மனிதப் படைப்பிரிவுகள் பல உலக வரலாற்றுப் படைகளின் சாயலில் அமைந்தவை. அவற்றுள் பிரிட்டோரியன் என்ற பிரிவு அச்சு அசல் காலனியகாலச் சிவப்புச் சட்டைக்காரர்கள். அவர்களுக்கு எதிரே நிற்கத் தகுந்தது மைசூர்ப் படையே. இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டி எய்த ராக்கெட்டுகள் அதனிடம் இருந்தன. எதிர்கால ராக்கெட் படைக்கு இதைவிட நேர்மையான மூதாதை கிடைக்காது.

இங்கே ஆண்டு முக்கியம். புலிவரிச் சீருடை திப்பு காலத்து அடையாளம். அவர் அரியணை ஏறியது 1782இல். 1767 படைக்குப் புலிவரி தீட்டுவது அழகாக இருக்கும், ஆனால் பிழை. ஹைதர் படை என்றால் குதிரைவீரர் மிகுதி, உடை பலவகை. ஒரே நிறத்தை எல்லோருக்கும் பூசாமல் விடலாம். திப்பு படை என்றால் ஊதாத் துணியில் புலிவரியாக வெண்புள்ளிகள், சிவப்புத் தலைப்பாகை, சிவப்பு இடைக்கச்சை. நிறங்களைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் உள்ள 1780 புள்ளலூர்ப் போர் ஓவியத்தைப் பார்க்கலாம். பின்னாளில் மறுபடி தீட்டப்பட்டது என்பதால் சாயல்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை; படை அணிவகுப்புக்கும் ஆட்கள் நிற்கும் நிலைக்கும் அது நல்ல வழிகாட்டி.

வேலையில் முதலில் வருவது சுத்தம் செய்தல். உருவத்தைச் சட்டத்திலிருந்து கட்டரால் வெட்டி, அச்சுக் கோடுகளைக் கத்தியால் சுரண்ட வேண்டும். இதைத் தவிர்த்தால் பின்னால் எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது. அடுத்து ப்ரைமர். சித்திரை வெயிலில் நண்பகலில் ஸ்பிரே அடித்தால் வண்ணம் காற்றிலேயே காய்ந்து மணல்போல ஒட்டும். ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தால் வெளுத்துப் புகைபடரும். கோடையில் விடிகாலை நல்லது. அக்ரிலிக் வண்ணங்களில் வல்லெஹோ, சிட்டடெல் போன்றவை இவ்வேலைக்கென்றே நுண்ணிய நிறமியோடு வருகின்றன. ஃபெவிக்ரில் போன்ற கைவினை வண்ணங்களைத் தளத்துக்கும் துணி மடிப்புக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், முகத்துக்கு வேண்டாம். தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டு முறை பூசுவது, கெட்டியாக ஒருமுறை பூசுவதைவிட மேல். தட்டில் வண்ணம் காயாமலிருக்க, டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்சும் மேலே பட்டர் பேப்பரும் வைத்துக் கலப்பார்கள்.

புள்ளிகளையும் வரிகளையும் கடைசியில்தான் தீட்ட வேண்டும்: முதலில் அடிநிறம், பிறகு மடிப்புகளில் தேங்கும் வாஷ், மேடுகளில் உலர் தூரிகை, அதன்பின் 00 தூரிகையின் நுனி. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் இடுக்கும் லென்ஸ் இதற்கு மலிவான துணை. நாற்பது பேருக்குப் புள்ளி வைப்பது அலுப்பான வேலை. ஐந்தைந்து பேராக முடிப்பவர்களே படையை முடிக்கிறார்கள்.

தளத்துக்குக் கடைச்சரக்கு தேவையில்லை. சலித்து வாணலியில் வறுத்த செம்மண், எம்-சாண்ட், வேலிப்புல்லுக்குத் தேங்காய் நார், பாறைக்குக் கிரானைட் சில்லு, ஒட்ட ஃபெவிகால். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மொட்டைப் பாறைக்குன்றுகளை இதைவிட நன்றாகக் காட்டும் பொடி வெளிநாட்டுப் பெட்டியில் வராது. மேலே மங்கல் வார்னிஷ் அடித்தால் கைபட்டு வண்ணம் தேயாது.

முடித்த படையைக் கோடையில் பூட்டிய காருக்குள் விடக்கூடாது; ரெசின் ஈட்டிகளும் வாள்களும் வளைந்துவிடும். வண்ணம் தீட்டுமுன் வளைந்ததென்றால், வெந்நீரில் சில நொடி முக்கி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நேராக நிற்கும்.