நியூகிரேஞ்ச்: 17 நிமிட வெளிச்சம்

எகிப்தில் கிசா பிரமிடுகள் எழும்புவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே அயர்லாந்தில் ஒரு கல்லறை கட்டி முடிந்துவிட்டது. போய்ன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகிரேஞ்ச். காலம் சுமார் கி.மு. 3200. கட்டியவர்கள் உலோகக் கருவியே அறியாத விவசாயிகள்!

வெளியே பிரம்மாண்டமான மேடு. உள்ளே சுமார் 19 மீட்டர் நீளக் குறுகலான கல் பாதை, அதன் முடிவில் ஓர் அறை. எரித்த எலும்புகள் அங்கேதான் வைக்கப்பட்டன. 1699-ல் கல் எடுக்க வந்த ஆட்கள்தான் வாசலைக் கண்டார்கள்.

இந்த அறைக்குள் சூரியன் வரும் என்று அக்கம்பக்கத்து ஜனங்கள் சொல்லி வந்தார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் கதையோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்றே அகழாய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி முதலில் நினைத்தார். ஆனால் வாசல் பார்ப்பது தென்கிழக்கை. அப்படியானால் குளிர்கால உதயமாக இருக்குமோ? 1967 டிசம்பர் 21 காலை தனியாக உள்ளே போய்க் காத்திருந்தார். வாசலுக்கு மேலிருந்த சிறு திறப்பு வழியே ஒளிக்கீற்று நுழைந்து, அறையின் கடைசி வரை வந்தது. மொத்தம் 17 நிமிடம். படித்தவர் தோற்று ஊர்க்கதை ஜெயித்த இடம் இது.

அயர்லாந்துக்காரர்களுக்குத் தங்கள் பழமை மீது தனிப் பெருமை. 1836-ல் நியூயார்க்கில் குடியேறியவர்கள் தொடங்கிய சகோதர சங்கத்தின் பெயரே 'ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் ஹைபர்னியன்ஸ்'. பெயரில் பழமை இருந்தாலும் வேலை அன்றாடத்துக்கானது: மதவெறிக் கும்பலிடமிருந்து தேவாலயங்களைக் காப்பது, நோயாளிகளுக்கு உதவுவது.

ஒரு சிக்கல். 2015-ல் வெளியான மரபணு ஆய்வின்படி, வெண்கலக் காலத்தில் பெருமளவில் புதிய ஜனங்கள் அயர்லாந்துக்கு வந்தார்கள். இன்றைய ஐரிஷ்காரர்கள் அவர்களைத்தான் அதிகம் ஒத்திருக்கிறார்கள், நியூகிரேஞ்சைக் கட்டியவர்களை அல்ல.