சுடுதண்ணித் தொட்டியும் ஐந்து மில்லி ஆம்பியரும்

"ஹாட் டப் வாங்கலாம்னு இருக்கோம், எந்த பிராண்ட் நல்லா இருக்கும்?" கலிஃபோர்னியாப் பக்கம் வீடு வாங்கின நம்மாட்கள்கிட்டேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடும். எத்தனை ஜெட், உள்ளே கலர் லைட் உண்டா, ஆறு பேர் உட்காரலாமா எல்லாம் விலாவாரியா விசாரிப்பாங்க. இந்த வஸ்துவுக்கு கரண்ட் எப்படி வருது, அது தண்ணியில கசிஞ்சா என்ன ஆகும்னு மட்டும் யாரும் கேட்கிறதில்லை. அதைக் கேட்டவங்களோட கதைதான் இந்தப் பதிவு. வேடிக்கை என்னன்னா, தொட்டியைக் கொடுத்ததும் அதுல உசிரோட உட்கார வழி பண்ணினதும் ஒரே ஊர். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில இருக்கிற பெர்க்லி.

முதல் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஜக்கூஸிங்கிறது ஒரு குடும்பப் பேர். இத்தாலியில வல்வசோனேங்கிற ஊர்லேர்ந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பம். பதிமூணு பிள்ளைங்க, அதுல ஏழு பேர் ஆண்கள். 1915ல பெர்க்லியில பட்டறை போட்டு விமானத்துக்கு மர உந்துவிசிறி செஞ்சாங்க. அப்புறம் மூடின அறையோட ஒரு விமானமே கட்டினாங்க. 1921ல மொடெஸ்டோ பக்கம் அது விழுந்து நாலு பேர் செத்துட்டாங்க, அதுல ஒருத்தர் கூடப்பிறந்த ஜொகோண்டோ. விமானத் தொழிலே வேண்டாம்னு தலைமுழுகிட்டு, ஆழ்கிணத்துத் தண்ணி இறைக்கிற ஜெட் பம்புக்கு வந்து சேர்ந்தாங்க. கலிஃபோர்னியா விவசாயிகள் கொத்திக்கிட்டுப் போனாங்க.

கடைக்குட்டித் தம்பி கண்டீடோ. அவரோட பையன் கென்னத், 1941ல பொறந்தவன். ரெண்டு வயசு வாக்கில முடக்குவாதம் வந்து மூட்டெல்லாம் வீங்கிப் போச்சு. ஆஸ்பத்திரியில வெந்நீர்ச் சுழல் தொட்டியில இறக்கினா குழந்தைக்கு வலி கொஞ்சம் அடங்கும். ஆனா தினமுமா ஆஸ்பத்திரிக்குப் போக முடியும்? பம்ப் கம்பெனிக்காரர் இல்லையா, வீட்டுக் குளியல் தொட்டியில வெச்சு ஓட்டுற மாதிரி ஒரு சின்ன பம்ப் பண்ணிட்டார். 1950களின் நடுவுல அது ஜே-300ங்கிற பேர்ல கடைக்கு வந்தது. (கென்னத்தே பெரியவனாகி 2005ல இந்தக் கதையைப் புத்தகமா எழுதினார்.)

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயித்தைக் கலக்கும். தகப்பன் பாசம் பெரிசுதான், மறுக்கலை. ஆனா கரண்டுல ஓடுற பம்பை, தண்ணி நிறைஞ்ச தொட்டியில, நோயாளிக்குப் பக்கத்துல வைக்கிறோம். மோட்டார்ல இன்சுலேஷன் எங்கேயாவது விட்டுப்போனா, அன்னிக்கு அமெரிக்க வீட்டுல அதைத் தடுக்க என்ன இருந்தது? ஃபியூஸ், இல்லேன்னா சாதா பிரேக்கர். 15 ஆம்பியருக்கு மேல போனாத்தான் அது அசையும். மனுஷன் சாக அதுல நூத்துல ஒரு பங்குகூட வேண்டாம். ஃபியூஸ் காப்பாத்துறது சுவத்துல இருக்கிற ஒயரைத்தான்.

ரெண்டாவது கதைக்கு வருவோம். இந்த மனுஷனைப் பத்திப் பேசுறவங்க ரொம்பக் குறைச்சல். பெர்க்லிப் பல்கலைக்கழகத்துல எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் பேராசிரியர் சார்ல்ஸ் டால்ஸீல். 1940கள்லேர்ந்தே அவருக்கு ஒரே ஆராய்ச்சி: எவ்வளவு கரண்ட் போனா மனுஷனுக்கு என்ன ஆகும்? 'விடு-மின்னோட்டம்'னு அவர் அளந்த ஒரு சமாச்சாரம் முக்கியம். கையில கம்பியைப் பிடிச்சிருக்கிறவன் மேல கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா, ஒரு அளவுக்கு மேல சதை இறுகி, அவனே நினைச்சாலும் கையை விட முடியாது. நம்ம ஊர்ல 'கரண்ட் இழுத்துப் பிடிச்சிடுச்சு'ன்னு சொல்றோமே, அதேதான். டால்ஸீல் இதை 134 ஆண்கள், 28 பெண்கள் மேல, அவங்க சம்மதத்தோட சோதிச்சார். சராசரி ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. இன்னிக்கு இந்தச் சோதனைக்கு எந்தக் கல்லூரியும் அனுமதி கொடுக்காது!

தண்ணித் தொட்டிக்கு இந்தக் கணக்குதான் உயிர். தரையில நிக்கிறவனுக்கு 16 மில்லி ஆம்பியர்ல கை மாட்டினா, யாராவது வந்து மெயினை அணைக்கலாம். கழுத்தளவு தண்ணியில இருக்கிறவனுக்குச் சதை இறுகினா, நெஞ்சு நிக்கவே வேண்டாம், மூழ்கினாலே போதும்.

வீட்டு விபத்துகளை ஆராய்ஞ்சு பார்த்த டால்ஸீல், ஆளைக் கொல்றதுல பெரும்பங்கு சாதாரண வீட்டு மின்சாரம் எர்த்துக்குக் கசியறதுதான்னு கண்டுபிடிச்சார். 1961ல அதுக்கு ஒரு கருவியும் பண்ணினார், 1965ல காப்புரிமை கிடைச்சது. தத்துவம் ரொம்ப எளிசு. போற ஒயரையும் திரும்பி வர்ற ஒயரையும் ஒரே இரும்பு வளையத்துக்குள்ள விடு. போனது அத்தனையும் திரும்பினா வளையத்துல ஒண்ணும் தெரியாது. 5 மில்லி ஆம்பியர் குறைஞ்சா, அது வேற வழியா, ஒருவேளை ஒரு ஆள் வழியா, போகுதுன்னு அர்த்தம். வினாடியில நாப்பதுல ஒரு பங்கு நேரத்துல வெட்டிடும். இந்த மாதிரி யோசனை தென்னாப்பிரிக்காவுலயும் இருந்தது. அங்கே தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் 1950கள்லயே பண்ணியிருந்தார். ஆனா 5 மில்லி ஆம்பியர் வரைக்கும் இறங்கி வந்தது டால்ஸீல்தான்.

நம்ம ஊர் வீடுகள்ல மாட்டுற ஆர்சிசிபி இதுக்கு அண்ணன் முறை. ஆனா அது பொதுவா 30 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பு குலையறதைக் கணக்குல வெச்சு வந்த அளவு அது. அமெரிக்காவோட 5, கை விடுபடணும்ங்கிற கணக்கு. தொட்டிக்குள்ள உட்கார எனக்கு 5தான் வேணும்.

இப்ப 1968. அந்த வருஷம் ஜக்கூஸி வீட்டு மூணாந்தலைமுறைப் பையன் ராய், பம்பைத் தனியா வைக்காம தொட்டிச் சுவத்துலயே ஜெட்டைப் பதிச்சு 'ரோமன் பாத்'னு விற்பனைக்கு விட்டார். அதே 1968லதான் அமெரிக்க தேசிய மின்விதி முதல் தடவையா டால்ஸீல் கருவியைப் பத்திப் பேசினது, நீச்சல் குளத்துக்குள்ள இருக்கிற விளக்குகளுக்காக. வெளிப்புற பிளக்குகளுக்கு 1973லயும் குளியலறைக்கு 1975லயும் வந்தது. ஆடம்பரம் ஓட, பாதுகாப்பு பின்னாடியே மூச்சு வாங்கிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு.

நடுவுல சாந்தா பார்பரா பக்கத்து ஹிப்பிகள் பழைய ஒயின் மரத்தொட்டிகள்ல வெந்நீர் ரொப்பி, ஜப்பான் பாணியில கூட்டமா ஊறினாங்க. ஹாட் டப்ங்கிற பேரே அப்பதான் பரவினது. மரம் பாசி பிடிக்கும், சுத்தம் பண்றது கஷ்டம். ஃபைபர் கிளாஸ், அக்ரிலிக் தொட்டிங்க வந்து அதை ஓரங்கட்டிடுச்சு. ஆனா ஒரு பழக்கம் நிலைச்சுப் போச்சு: குளிச்சு முடிச்சா தண்ணியைக் கொட்டுறதில்லை. மாசக்கணக்கா அதே தண்ணி, ஹீட்டர் எப்பவும் தயார். கரண்ட் தொட்டியை விட்டுப் போகிறதே இல்லை.

வாங்கறவங்க பார்க்க வேண்டியதும் இதுலேர்ந்துதான் வருது. சுவர் பிளக்குல சொருகுற 120 வோல்ட் தொட்டி, தனி ஒயர் இழுக்கிற 240 வோல்ட் 50 ஆம்பியர் தொட்டின்னு ரெண்டு ஜாதி. 1,300 லிட்டர் தண்ணியை 15 டிகிரியிலேர்ந்து 39க்கு ஏத்த ஏறக்குறைய 36 யூனிட் செலவாகும். பிளக் தொட்டியோட ஹீட்டர் ஒரு கிலோவாட்னா ஒன்றரை நாள் காத்திருக்கணும். 240 வோல்ட்ல 5.5 கிலோவாட்னா ஏழு மணிநேரம் போதும். குளிர் ஊர்ல இருக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு 240ஐ எடுங்க. எடையையும் மறக்காதீங்க: தண்ணி, தொட்டி, நாலு பேர்னு ரெண்டு டன் கிட்ட வரும். சாதாரண மர டெக் தாங்காது, கான்கிரீட் மேடை போடுங்க.

240க்கு நாலு ஒயர் வரும்: ரெண்டு லைன், நியூட்ரல், எர்த். தொட்டிக்கு கரண்டை வெட்டுற சுவிட்ச் பெட்டி கண்ணுக்குத் தெரியற இடத்துல, ஆனா தண்ணிக்கு 5 அடிக்குக் கிட்ட வராம இருக்கணும். உள்ளேயிருந்து கை நீட்டி யாரும் தொட்டுடக்கூடாதுங்கிறதுதான் காரணம். பெர்மிட் எடுத்து, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பண்ண வேண்டிய வேலை இது. மச்சான் யூட்யூப் பார்த்துப் பண்றேன்னு கிளம்பினா வாயிலேயே ஒரு வடையைத் திணிச்சு உட்கார வைங்க :-)

கத்துக்குட்டிகள் வழக்கமாத் தப்பு பண்றது நியூட்ரல்லதான். தொட்டிக்குப் போற நியூட்ரலை பிரேக்கர்ல மாட்டாம நேரா பெட்டிப் பட்டையில மாட்டிடுவாங்க. திரும்பி வர்ற கரண்ட் வளையத்துக்குள்ள வராது, கருவி கசிவுன்னு நினைச்சு உடனே வெட்டும். இல்லேன்னா நாலஞ்சு வருஷத்துல ஹீட்டர் கம்பி அரிச்சு நிஜமாவே கசியும், அப்பவும் வெட்டும். "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது சார்"னு எரிச்சல் பட்டு, அதைக் கழட்டிட்டுச் சாதா பிரேக்கர் போட்டுட்டு ஜம்முனு இறங்கி உட்கார்றவங்க இருக்காங்க. அவங்க உட்கார்ந்திருக்கிறது 2020களோட தொட்டியில இல்லை, 1956ல.

அந்த பிரேக்கர்ல டெஸ்ட்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும். அமுக்கினா உள்ளேயே வேணும்னே கொஞ்சம் கரண்டைக் கசிய விட்டுப் பார்க்கும். பட்டுனு வெட்டணும். மாசம் ஒரு தடவை, தொட்டிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி, துண்டு தோள்ல இருக்கும்போதே அமுக்கிப் பாருங்க. வெட்டலைன்னா அன்னிக்குக் குளியல் கிடையாது.