ஃபுரோசமைடு

சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளில் வீரியம் மிக்க வகையைச் சேர்ந்தது. லேசிக்ஸ் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுவது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் இரத்தத்துக்கே திரும்பிவிடும். உப்பு போகும் வழியில் நீரும் போகும். பெரும்பாலான சிறுநீர்ப்பெருக்கிகளின் சூட்சுமம் இவ்வளவே. சிறுநீரக நுண்குழாயின் ஒரு பகுதியான ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் சேர்த்து உள்ளிழுக்கும் புரதத்தை ஃபுரோசமைடு முடக்குகிறது. வடிகட்டிய சோடியத்தில் ஏறத்தாழ கால் பங்கு மீட்கப்படும் இடம் அது. அங்கே தடை விழுந்தால் உப்பும் நீரும் பெருமளவில் வெளியேறுகின்றன. தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கிகள் வேலை செய்யும் அடுத்த பகுதியில் மீட்சி குறைவு. ஆகவே அவற்றின் வேகமும் குறைவு. ஆனால் இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் எடுத்துக்கொள்ள அவையே பொருத்தம்.

இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்தவர் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறுவார். அவருக்கு இம்மருந்தைச் சிரை வழியே செலுத்தினால் சில நிமிடங்களில் சிறுநீர் பிரியத் தொடங்கும். திணறலும் படிப்படியாகத் தணியும். கல்லீரல், சிறுநீரக நோய்களால் வரும் வீக்கத்துக்கும் இது பயன்படுகிறது.

பொட்டாசியம் குறைவதே முக்கியமான ஆபத்து. அதனால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். மிகை அளவை வேகமாக ஊசியில் ஏற்றினால் காது கேட்பதும் பாதிக்கப்படலாம். மாத்திரையின் விளைவு சுமார் ஆறு மணி நேரம் நீடிப்பதால், இரவுத் தூக்கம் கெடாதிருக்கக் காலையில் உட்கொள்வதே வழக்கம்.