பதினாலாவது பெஞ்சு

எங்கள் ஊர்க் கோயிலில் பதினாலு தேக்குப் பெஞ்சுகள் இருந்தன. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் நாங்களும் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அவற்றில் பதின்மூன்று பெஞ்சுகள் லாரியில் போய்விட்டன. தங்கிய ஒன்றின் கதை இது.

அது பர்மா தேக்கு. 1826-ல் தெனாசரிம் கரை ஆங்கிலேயர் கைக்குப் போனபின், சால்வீன் ஆற்றுமுகத்து மௌல்மீன் பெரிய தேக்குத் துறைமுகமானது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் எடுத்தவுடன் மரத்தைச் சாய்க்க மாட்டார்கள். அடியில் பட்டையையும் அதற்குள்ளிருக்கும் வெள்ளையையும் சுற்றிவர வெட்டிவிட்டு, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள். பிறகுதான் கோடாரி. யானைகள் இழுத்து ஓடையில் போட, மழைவெள்ளம் ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே தெப்பமாகக் கட்டித் துறைமுகத்துக்கு விடுவார்கள். எங்கள் மரம் தூத்துக்குடியில் இறங்கி மாட்டுவண்டியில் வந்தது என்பது பெரியவர்கள் சொல்லிக் கேட்டது.

கோயிலில் அதுவரை எல்லோருக்கும் தரையும் பாயும்தான். பெஞ்சு வந்ததும் துரைமாரும் உபதேசியார், வாத்தியார் வீட்டாரும் அதில் அமர்ந்தார்கள். எங்கள் ஆச்சி கடைசிவரை பெஞ்சில் உட்காரவில்லை. அதன் பக்கப் பலகையில் தலையைச் சாய்த்துத் தரையிலேயே இருப்பாள். தலையெண்ணெய் இறங்கி இறங்கி அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, தடவினால் வழுக்கும்.

கூரை ஒழுகிச் சுவரோரம் ஈரம் நின்றது. கரையான் ஏறிப் பின்னங்கால்கள் உளுத்தன. பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார்கள். அடுக்கி வைக்கலாம், அசன விருந்தன்று பந்தலுக்குத் தூக்கிப் போகலாம். கமிட்டியில் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. ஆனால் ஒரு காலையாவது அறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்திருக்க வேண்டும். அதை அந்தக் கூட்டத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். பழைய மரச்சாமான் வியாபாரி மொத்தமாக விலை பேசி ஏற்றிப்போனார்.

வெஸ்டிரி அறையில் பாட்டுப் புத்தகக் கட்டுகளைச் சுமந்து நின்ற ஒன்று மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. கட்டுகளை இறக்கியபோது அந்தக் கறுப்புத் தடம் தெரிந்தது.

ஆசாரியை வரச்சொன்னேன். தரையிலிருந்து நாலு விரற்கடை விட்டுப் பின்னங்காலை அறுத்தார். உளுத்ததெல்லாம் வெளிப்புற வெள்ளை. கரையான் அதைத்தான் தின்னும். எண்ணெய் ஊறிய வைரத்தில் எளிதில் வாய் வைக்காது. அறுத்த முகம் தேன் நிறத்தில் இருந்தது. புதுத்தோல் செருப்பு வாசனை அறையெங்கும் பரவியது. மூங்கில் ஆணி இறக்கிய கூட்டுகளை ஆசாரி கட்டையால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. பழைய வாசக்கால் துண்டொன்றை இழைத்து, பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தி, காலுக்கு ஒட்டுப்போட்டார். ஒரு நாள் வேலை.

உப்புத்தாளை எடுத்தவரிடம் அந்தக் கறுப்பில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பெஞ்சை ஒருமுறை நீளவாக்கில் தடவினார்.

"இதே மரந்தான எல்லாம்? மத்ததெல்லாம் எங்க அண்ணாச்சி?"

லாரி போய் இருபது நாளாகியிருந்தது.