பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே

மொட்டைமாடியில் ஒரு நட்சத்திரத்தைத் தொலைநோக்கியின் குறுக்குக்கம்பியில் நிறுத்தினேன். வடக்கு தெற்காகத் திருப்பும் மோட்டாரை ஒரு பக்கமாகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சட்டென்று எதிர்ப்பக்கம் மாற்றினேன். மோட்டார் சத்தம் கேட்கிறது, நட்சத்திரம் அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்தான் நகர்ந்தது. மோட்டாரின் வேகம் வினாடிக்கு 15 ஆர்க்வினாடி. ஆக என் பல்சக்கரங்களின் பேக்லாஷ் 60 ஆர்க்வினாடி. வியாழன் முழுசாக உள்ளே உட்கார்ந்துவிடும்!

பட்டறையில் இதை 'ப்ளே' என்பார்கள். அந்த இடைவெளியே இல்லாவிட்டாலும் பற்கள் இறுகி நின்றுவிடும். நான் கோட் எழுதுகிறவன், அதனால் திரும்பும்போதெல்லாம் நான்கு வினாடி கூடுதலாக ஓடச் சொன்னேன். குளிர்ந்த இரவொன்றில் அந்தக் கணக்கும் பொய்த்தது.

1770களில் லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டென் இதே இடைவெளியோடு மல்லுக்கட்டினார். கடலில் தீர்க்கரேகை அறிய நிலவுக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள கோணத்தை செக்ஸ்டண்டால் அளப்பார்கள். ஒரு ஆர்க்நிமிடம் பிசகினால், நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடம் ஏறக்குறைய 30 கடல்மைல் தள்ளிப்போகும். பாறை எந்தப் பக்கம் என்றே தெரியாது. அந்தக் கருவிகளில் கோடுகளைக் கையால்தான் கீறிக்கொண்டிருந்தார்கள்.

ராம்ஸ்டென் செய்த கோடு கீறும் இயந்திரத்தில் 2160 பற்கள் கொண்ட பெரிய சக்கரம். அதைத் தள்ளும் திருகு ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 10 ஆர்க்நிமிடம் நகரும். காலால் மிதித்தால் திருகு முன்னே சுற்றும். காலை எடுத்தால் மிதி மட்டும் மேலே வரும், திருகு திரும்பாது. சைக்கிள் பெடலைப் பின்னால் சுற்றினால் சக்கரம் பின்னே போவதில்லையே, அதே கதைதான். பேக்லாஷ் எங்கேயும் போய்விடவில்லை. ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் அது குறுக்கே வராது, அவ்வளவுதான்.

1777இல் தீர்க்கரேகை வாரியம் அவருக்கு 615 பவுண்டு கொடுத்தது. சும்மா இல்லை, மற்ற கைவினைஞர்களுக்கும் கற்றுத்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கிட்டத்தட்ட ஓப்பன் சோர்ஸ். நானாக இருந்தால் முகம் சுளித்திருப்பேன்.

1824இல் ஃபிரௌன்ஹோஃபரின் பெரிய தொலைநோக்கி டோர்பாட் போய்ச் சேர்ந்தது. இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு அது. அந்தத் தொலைநோக்கியை நட்சத்திரத்தின் பின்னால் ஓட்டியது கீழே இறங்கும் ஓர் எடை. எடையும் ஒரே பக்கம்தான் இழுக்கும்.

படித்ததும் கோடை அழித்துவிட்டேன். குழாயின் பின்முனையில் ஒரு சின்ன எடையைக் கட்டித் தொங்கவிட்டேன். பற்கள் இனி எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். நேற்று மறுபடி அளந்தேன். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் நட்சத்திரம் நகர்ந்துவிட்டது.